செல்ஃப் எடுக்கல, செட்டு மட்டும் எரியுது

இன்னிக்குக் காலையில எங்கம்மா சென்னைக்குப் போற ஏலகிரி எக்ஸ்பிரஸ் ரயிலை விட்டுட்டாங்க. விட வச்சது என் கார்ல பாட்டுக்கும் ரிவர்ஸ் கேமராவுக்கும் மாட்டியிருக்கிற ஒன்பது இஞ்ச் ஆண்ட்ராய்டு டச் ஸ்க்ரீன் செட்டு. இன்னும் ஆத்திரம் அடங்கல.

தங்கச்சிக்கு வளைகாப்பு, சென்னையில. அம்மா ராத்திரி ரெண்டு மணிக்கே எழுந்து புளிக்காய்ச்சல் கிண்டி, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம்னு தூக்குல அடைச்சு, வளையல் பெட்டி, பூ, சீர்த்தட்டு எல்லாத்தையும் கூடையில கட்டி வச்சிருந்தாங்க. வேலப்பாடித் தெருவுல இருட்டு விலகறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் வண்டியில ஏத்திட்டோம். அம்மா முன்சீட்டுல உக்காந்து பெல்ட் போட்டாச்சு. சாவியைத் திருப்பினேன்.

டக். அவ்வளவுதான். செல்ஃப் எடுக்கல.

ஆனா அந்த ஸ்க்ரீன் எரிஞ்சுது! பளீர்னு நீல வெளிச்சம், கம்பெனி லோகோ, அதுக்குக் கீழ வெல்கம். எஞ்சினைச் சுத்த வக்கில்லாத பேட்டரியில மிச்சமிருந்த உயிரையும் உறிஞ்சி அது லோகோ காட்டிக்கிட்டிருக்கு. ரெண்டாந்தடவை திருப்பினேன். டக் டக் டக். வோல்டேஜ் இறங்கி ஸ்க்ரீன் அணைஞ்சுது. சாவியை விட்டதும் மறுபடியும் லோகோ, மறுபடியும் வெல்கம். அம்மா "ஏன்டா, என்னாச்சு?"ன்றாங்க. மூணாந்தடவை. அதே டக், அதே இருட்டு, அதே வெல்கம். நாலாந்தடவை டக் சத்தம்கூட இல்ல. அப்பவும் அந்த லோகோ மங்கலா வந்து நின்னுது. கையில சுத்தியல் இருந்திருந்தா அந்தக் கண்ணாடியை அங்கேயே உடைச்சிருப்பேன்.

எதிர்வீட்டு அண்ணன் லுங்கியோட ஓடி வந்து, "இன்னாபா, பேட்டரி டவுனா? தள்ளலாமா?"ன்னார். தள்ளினோம். அம்மா கூடையோட கீழ இறங்கித் தெருவுல நிக்கறாங்க. இருபதடி தள்ளி செகண்ட் கியர்ல கிளட்ச்சை விட்டா ஒரு குலுக்கு, அத்தோட சரி. திரும்பவும் தள்ளினோம். அதுக்குள்ள அம்மா சொல்லிட்டாங்க, "ஆட்டோ புடிடா, நேரம் ஆவுது"ன்னு. ஆட்டோ கிடைச்சு, கிரீன் சர்க்கிள் தாண்டி, பாலாத்துப் பாலம் ஏறி, காட்பாடி ஸ்டேஷன் படியில நான் கூடையோட ஓடறேன். பின்னாடி முட்டிவலியோட அம்மா. பிளாட்பாரத்துக்கு வந்தா ரயிலோட கடைசிப் பெட்டிதான் தெரிஞ்சுது.

புது பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பி வந்து பஸ்ல ஏத்திவிட்டேன். நல்ல நேரம் முடிஞ்சப்புறம்தான் போய்ச் சேர்ந்தாங்க. தங்கச்சி போன்ல அழுதா.

மத்தியானம் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தேன். ஜம்பர் கேபிள் போட்டு வண்டியை எடுத்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டு ஆஃப் பண்ணினார். பேட்டரி மைனஸ் ஒயரைக் கழட்டி நடுவுல மீட்டர் வச்சுப் பார்த்தா, வண்டி சாவியில்லாம நிக்கும்போதே அரை ஆம்பியர், அதாவது 500 மில்லி ஆம்பியர், ஓடிட்டிருக்கு. சாதாரணமா 50 மில்லி ஆம்பியருக்குள்ள இருக்கணும். என்னுது 35 ஏஎச் பேட்டரி, அதாவது மொத்தக் கொள்ளளவே 35 ஆம்பியர்-மணி. அரை ஆம்பியர் வீதம் மூணு நாளைக்கு, 72 மணி நேரத்துக்குக் கணக்குப் போடுங்க, 36 வருது. மூணு நாளா வண்டியை எடுக்கல, வீட்டு வாசல்லதான் நின்னுது.

"சார், இத்த யாரு சார் போட்டது? ரெட் ஒயரையும் மஞ்சள் ஒயரையும் ஒண்ணா முறுக்கி வெச்சிகீறான்"னார்.

யாருன்னு எனக்குத் தெரியும். இந்தச் செட்டு சாவி போட்டா ஆன் ஆக நாப்பது செகண்டு எடுக்கும். அந்த நாப்பது செகண்டும் ரிவர்ஸ் கேமரா கருப்பாத்தான் இருக்கும். போன மாசம் செட்டை மாட்டிக் குடுத்த கடைக்குப் போய்ச் சொன்னேன். கடைப் பையன் அஞ்சே நிமிஷம் டேஷ்போர்டுக்குள்ள கையை விட்டுட்டு, "முடிஞ்சுது சார், இனிமே பட்டுனு வரும். இறங்கும்போது இந்த பட்டனை அமுக்குனா ஸ்க்ரீன் அணைஞ்சிடும்"னான். மஞ்சள் ஒயர் எப்பவும் கரண்டு இருக்கிறது, மெமரிக்கு. சிவப்பு ஒயர் சாவி திருப்பினாத்தான் கரண்டு வரணும், அதை வச்சுத்தான் செட்டு முழிக்கணுமா தூங்கணுமான்னு முடிவு பண்ணும். ரெண்டையும் சேர்த்துட்டா அதுக்குத் தூக்கமே கிடையாது. ஸ்க்ரீன்தான் அணையும், உள்ள இருக்கிற கம்ப்யூட்டர் ராப்பகலா ஓடும். இதை அந்தப் பையன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லல. கேமரா லேட்டா வருதுன்னு கேட்டதுக்கு என் பேட்டரியைக் கொன்னு கையில குடுத்திருக்கான்.

அது மட்டுமா? வண்டிக் கம்பெனி போட்ட கப்ளரை, ஒயரெல்லாம் ஒண்ணா சொருகற பிளக்கை, வெட்டித் தூக்கி எறிஞ்சிருக்கான். இந்த மாடலுக்குன்னு கப்ளர் தனியா விக்குது, வாங்கிச் சொருகினா ஒரு ஒயரையும் வெட்ட வேண்டாம். அதுக்குக் காசு செலவாகும்னு வெட்டி, முறுக்கி, மேல டேப் சுத்திவச்சிருக்கான். வேலூர்ல! கத்திரி வெயில்ல மூடி நிறுத்தின வண்டிக்குள்ள 60 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டுல டேப் பசை உருகி வழிஞ்சு, முறுக்கின முனை வெளிய தெரியுது. மஞ்சள் ஒயர்ல ஃபியூஸ்கூட இல்ல. எங்கேயாவது பாடியில உரசியிருந்தா வண்டி எரிஞ்சிருக்கும். அம்மா உக்கார்ற சீட்டுக்கு ஒரு முழம் தள்ளி!

நீல ஒயர் சும்மா தொங்குது. அது ரேடியோ சிக்னலைக் கூட்டற ஆன்டெனா பூஸ்டருக்குப் போகணும். எஃப்எம் ஏன் ஒரு வருஷமா கொரகொரன்னு இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. ஜிபிஎஸ் ஆன்டெனாவை ஏசி டக்ட்டுக்குப் பின்னாடி இரும்புக்கு அடியில சொருகியிருக்கான், அங்க சிக்னல் எப்படி ஒழுங்கா வரும்? செட்டு வந்த பாக்ஸ்ல ஆண்ட்ராய்டு 13, 4 ஜிபி ரேம்னு போட்டிருக்கு. செட்டிங்ஸ்லயும் அதேதான் காட்டும். ஒரு ஆப் போட்டுச் சோதிச்சா ஆண்ட்ராய்டு 10, 2 ஜிபி. சாஃப்ட்வேருக்குள்ளயே பொய்யை எழுதி விக்கறாங்க.

என் வண்டி 2011 மாடல், டிஎன் 23, செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. அதுல வந்த சிடி செட்டுல ஒரு குமிழ் இருந்துது. ரோட்டுல இருந்து கண்ணை எடுக்காம கையாலேயே தடவி சத்தத்தைக் குறைக்கலாம். சாவி போட்டதும் பாட்டு வரும். பேட்டரி டவுன்ங்கற பேச்சே வந்ததில்ல. இப்ப மத்தியான வெயில்ல ஒண்ணும் தெரியாத கண்ணாடியில, சத்தத்தைக் குறைக்க விரல் நுனி அளவு மைனஸ் குறியைத் தேடணும், பள்ளிகொண்டா டோல்கேட் பக்கம் லாரிக்கு நடுவுல. அந்தப் பழைய செட்டை ஐநூறு ரூபா கழிச்சுக்கிட்டு அதே கடைதான் எடுத்துக்கிச்சு. இன்னிக்குப் போன் போட்டுத் திருப்பிக் கேட்டேன். "அத்த அப்பவே குடுத்துட்டோம் சார்"ன்றாங்க.

எலக்ட்ரீஷியன் ரெண்டு ஒயரையும் பிரிச்சு, ஃபியூஸ் போட்டு, சிவப்பைச் சாவிக்கு மாத்திக் குடுத்துட்டுப் போனார். நாப்பது செகண்டு லோகோ திரும்ப வந்துடுச்சு. இருக்கட்டும், வண்டியாவது கிளம்பும்.

இன்னொண்ணையும் சொல்லணும். இந்த மாதிரி கடைங்கதான் பழைய ஹெட்லைட்டுக்குள்ள வெள்ளை எல்இடி பல்பைச் சொருகி அனுப்பறாங்க. ஹாலஜனுக்குன்னு செஞ்ச ரிஃப்ளெக்டர்ல எல்இடியைப் போட்டா வெளிச்சம் ரோட்டுல ஒழுங்கா விழாது, சிதறி எதிர்ல வர்றவன் கண்ணுல விழும். சாயங்காலம் அம்மாவைக் கூட்டிட்டு வரப் போனப்போ பாலாத்துப் பாலத்துல அப்படி ஒருத்தன் வந்தான். சைக்கிள்ல ஓரமாப் போன ஒரு பெரியவர் தடுமாறிக் கைப்பிடிச் சுவரைப் புடிச்சு நின்னார். அந்தாளு டிம்கூடப் பண்ணாமப் போயிட்டான்.