பாம்பன் பாலத்து இரும்பு பரங்கிப்பேட்டையில் உருக்கியதா?

"பழைய பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பு முழுவதும் பரங்கிப்பேட்டை ஆலையில் உருக்கியது" என்று ராமநாதபுரம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பதிவு சுற்றுகிறது. இது தவறு.

ஆண்டுகளைப் பார்த்தாலே போதும். ஜோசையா மார்ஷல் ஹீத் 1830 வாக்கில் தொடங்கிய அந்த ஆலையின் உலைகள் 1860களிலேயே அணைந்துவிட்டன. பாலம் திறந்தது 1914 பிப்ரவரி 24. ஆலைக்கு வந்த சேலத்து இரும்புத்தாது நல்ல தாதுதான், அதை உருக்கத் தேவையான விறகுக்கரிதான் கட்டுப்படியாகவில்லை. பக்கத்துக் காடு வெட்ட வெட்டக் கரி தூரத்திலிருந்து வந்தது, செலவு ஏறியது, இங்கிலாந்தில் நிலக்கரியில் உருக்கிய மலிவு இரும்போடு போட்டி போட முடியவில்லை.

பாலத்தின் நடுவில் கப்பலுக்கு வழிவிட்ட ஷெர்சர் தூக்குப் பகுதியைச் செய்தது இங்கிலாந்தின் ஹெட் ரைட்சன் நிறுவனம். அதன் இரண்டு இறக்கைகளையும் ஆட்கள் கையால் நெம்பித்தான் தூக்கினார்கள். 1964 புயலில் கர்டர்கள் (தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்தரங்கள்) பல கடலுக்குள் போயும் அந்தப் பகுதி நின்றது.

பழைய எஃகைக் கிட்டத்தில் பார்க்கக் கிடைத்தால் ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) வரிசையைக் கவனியுங்கள். இரு தகடுகளுக்கு இடையே உப்புநீர் தங்கும். துரு ஊதித் தகட்டையே விலக்கிவிடும். பெயின்ட் மேலே சரியாக இருந்தாலும் அரிப்பு உள்ளே நடக்கும்.

1988இல் திறந்த சாலைப் பாலத்திலிருந்து ரயில் தடம் தெளிவாகத் தெரியும். வண்டியை பாலத்தின் மேல் நிறுத்தாதீர்கள். காற்று பலமாக அடிக்கும், போக்குவரத்தும் அதிகம். பரங்கிப்பேட்டையைப் பார்க்க வேண்டுமென்றால் கடலூர் மாவட்டத்துக்குத்தான் போக வேண்டும், வெள்ளாற்று முகத்துவாரத்தில் இருக்கிறது.