வெந்நீர்ப் பை: "சுட்டா அவரே சொல்வார்" என்பது தவறு
முதுகுத்தண்டு அடிபட்டு கால் செயலிழந்தவருக்கு தினமும் வெந்நீர்ப் பை வைத்தால் உணர்ச்சி திரும்பும், "சுட்டா அவரே சொல்வார்" என்று சிலர் சொல்கிறார்கள். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். சூடு பட்ட சேதி மூளைக்குப் போனால்தானே சொல்ல முடியும்? அந்தத் தோலில் ரத்த ஓட்டமும் சூட்டை வேகமாகக் கடத்தாது. ஒத்தடத்தால் தண்டுவட நரம்பு வளரவும் வளராது. ஐஸ் பையும் இதே ஆபத்துதான்.

60 டிகிரி செல்சியஸ் தண்ணீர் சுமார் 5 விநாடியில் ஆழமாகப் பொசுக்கிவிடும். குளிக்க 37, 38 டிகிரி போதும். வாளியில் பச்சைத்தண்ணீரை முதலில் பிடித்து, பிறகு வெந்நீரைக் கலந்து, உணர்ச்சி உள்ளவர் முழங்கையை விட்டுப் பாருங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது, பொதுவாக 42-க்கு மேல் காட்டாது.

மடியில் டீ டம்ளர், லேப்டாப் வேண்டாம். வெயிலில் நின்ற வீல்சேரின் இரும்புக் கால்தாங்கியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் காலை வையுங்கள்.

சுட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர். பேஸ்ட், இங்க், ஐஸ் கூடாது. கொப்புளத்தை உடைக்காமல் மருத்துவரிடம் போங்கள். கழுத்திலோ மேல்முதுகிலோ தண்டுவடம் அடிபட்டவருக்கு, சுட்ட பிறகு தலைவலி, முகத்தில் வியர்வை வந்தால் அந்தப் புண்ணால் ரத்த அழுத்தம் எகிறியிருக்கலாம்; நிமிர்த்தி உட்காரவைத்து உடனே 108-ஐ அழையுங்கள்.