எல்லாப் பிள்ளைக்கும் ஒரு ரேஸ்

ஞாயிறு இரவு எங்கள் நீச்சல் கழகத்தின் குரூப்பில் போட்டிக்குத் தெரிவான பிள்ளைகளின் பட்டியல் வந்ததிலிருந்து நான் வாயைத் திறக்கவில்லை. இன்று காலை தடாகத்தில் என் பக்கத்தில் இருந்த, மகனின் பெயர் பட்டியலில் இல்லாத ஒரு தாய், "அக்கா, இனி இவனைக் கூட்டிக்கொண்டு வரத் தேவையில்லை என்றுதானே சொல்கிறார்கள்?" என்று கேட்டார். அதனால் எழுதுகிறேன்.

என்ன நடந்தது என்று கழகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஓகஸ்ட் விடுமுறை வயதுப் பிரிவு சாம்பியன்ஷிப்புக்குச் சின்னப் பிள்ளைகளின் பிரிவில் எந்த நிகழ்ச்சியைப் பார்த்தாலும் அதே மூன்று பெயர்கள். காரணம் கேட்டவருக்கு "கழகத்துக்குப் புள்ளி முக்கியம்" என்று ஒரு வரிப் பதில். அதற்குப் பிறகு அட்மின் மட்டும் எழுதக்கூடிய மாதிரிக் குரூப்பைப் பூட்டிவிட்டார்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். ஒழுங்காகப் பயிற்சிக்கு வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ரேஸ் கொடுங்கள். எல்லோருக்கும் பதக்கம் கொடுக்கச் சொல்லவில்லை. ரிலே அணியில் போடச் சொல்லவில்லை. ஒரு ரேஸ்.

"ஒரு நிகழ்ச்சிக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு இருக்கிறதே" என்கிறார்கள். இருக்கிறது. ஆனால் அந்த வரம்பு நிகழ்ச்சிக்குத்தானே, பிள்ளைகளின் மொத்த எண்ணிக்கைக்கு இல்லையே. 50 மீற்றரில் மட்டும் ப்ரீஸ்டைல், பேக்ஸ்ட்ரோக், ப்ரெஸ்ட்ஸ்ட்ரோக், பட்டர்ஃப்ளை என்று நான்கு நிகழ்ச்சி. ஒன்றுக்கு இரண்டு பேர் என்று வைத்தாலே 8 பிள்ளைகள் நீந்தலாம். 100 மீற்றரையும், நான்கு பாணியையும் ஒருவரே நீந்தும் தனிநபர் மெட்லேயையும் நான் இன்னும் கணக்கில் எடுக்கவில்லை. இடம் இருந்தது. அந்த இடங்களை மூன்று பிள்ளைகளுக்குள் பங்கு போட்டுவிட்டு இடம் இல்லை என்று சொல்லக்கூடாது.

அந்த மூவரையும் எப்படித் தெரிவு செய்தார்கள்? ஒரே ஒரு காலை நேர டைம் ட்ரையல், அதாவது நீந்தவிட்டு நேரம் பார்ப்பது. 25 மீற்றர் தடாகம், கையில் பிடித்த ஸ்டொப்வொட்ச். கடிகாரத்தை அழுத்துகிற விரல் ஆளுக்கு ஆள் மாறும். இந்தப் பிள்ளைகளுக்குள் இருந்த வித்தியாசம் அந்த விரலின் தாமதத்துக்குள் அடங்கிவிடும். போட்டி நடப்பதோ சுகததாச விளையாட்டரங்கின் 50 மீற்றர் தடாகத்தில். 25 மீற்றர் தடாகத்தில் 50 மீற்றர் நீந்தினால் நடுவில் ஒரு திருப்பம் உண்டு, சுவரை உதைத்து வேகம் எடுக்கலாம். 50 மீற்றர் தடாகத்தில் அந்தச் சுவர் இல்லை, கடைசிப் பத்து மீற்றரில் கை கனத்துப்போகும். இங்கே முந்திய பிள்ளை அங்கே பிந்தலாம். டெங்குக் காய்ச்சலில் படுத்து எழும்பிய பிள்ளை ஒன்றும் அன்று நீந்தியது. அதற்கு முன் மாதக்கணக்காக அது நீந்திய நேரங்கள் கோச்சின் கொப்பியிலேயே இருக்கின்றன. அதை யாராவது திருப்பிப் பார்த்தார்களா?

வயதை ஒரு திகதியில் வெட்டித்தான் பிரிவு போடுகிறார்கள். அதனால் ஒரே பிரிவுக்குள் கிட்டத்தட்ட ஒரு வயது மூத்த பிள்ளையும் நிற்கும். ஒன்பது, பத்து வயதில் ஒரு வருடம் என்பது உயரத்திலும் கை நீளத்திலும் அப்படியே தெரியும். 1980களிலேயே கனடாவில் ஐஸ் ஹொக்கி வீரர்களின் பிறந்த மாதங்களைப் பார்த்து இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வருடத் தொடக்கத்தில் பிறந்தவர்களே அதிகம் தெரிவாகியிருந்தார்கள். நாம் திறமை என்று கைதட்டுவதில் ஒரு பங்கு பிறந்த மாதம்.

அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணாவின் மகள் அங்கே கோடைகால லீக்கில் நீந்துகிறாள். வாராவாரம் நடக்கும் போட்டிகளில் எல்லாப் பிள்ளையும் இறங்கும். கடைசியில் வரும் சாம்பியன்ஷிப்புக்குத்தான் தெரிவு. அதற்கு எத்தனை வாரப் போட்டியில் நீந்தியிருக்க வேண்டும், எந்த நேரத்தை எடுப்பார்கள் என்பதெல்லாம் சீசன் தொடங்க முன்பே பெற்றோரின் கையில் இருக்கும். அங்கேயும் சண்டை வருகிறதாம், அண்ணாவே சொல்கிறார். ஆனால் விதி என்னவென்று எல்லோருக்கும் தெரிந்த பிறகு வருகிற சண்டை அது. நமக்கு விதியே பட்டியலோடு சேர்ந்துதான் வந்தது.

"சாம்பியன்ஷிப் என்றால் வேகமானவர்கள்தான் போக வேண்டும்." பதினாறு, பதினேழு வயதுக்கு ஓம், மறுபேச்சு இல்லை. ஒன்பது வயதுக்கு இல்லை.

"பிள்ளைகள் தோல்வியைப் பழக வேண்டும்." நல்லாகப் பழகட்டும். ஆனால் தோற்பதற்கும் தண்ணீரில் இறங்க வேண்டுமே. மெதுவான பிள்ளைகளை விடும் முதல் ஹீட்டில் (சுற்றில்), ஓரத்து லேனில், கடைசியாக வந்து சுவரைத் தொட்டுவிட்டு, தன் நேரத்தைப் பார்த்து, போன முறையை விட இரண்டு செக்கன் குறைந்திருக்கிறது என்று துள்ளும் பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை தோல்வியைப் பழகியது. கலரியில் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு உட்காரவைக்கப்பட்ட பிள்ளை எதைப் பழகியது?

"உங்கள் பிள்ளை எடுபடவில்லை என்ற ஆத்திரம்." இதை எழுதுவார்கள் என்று தெரியும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று பெயர்களில் ஒன்று என் மகளுடையது. எல்லா நிகழ்ச்சியிலும் போட்டிருக்கிறார்கள். எனக்கு இதில் இழப்பு எதுவும் இல்லை.

ஆனால் மூத்தவன் இருக்கிறான். வேறொரு கழகத்தில் இருந்தான். விடியாத நேரத்தில் அவனை எழுப்பி, வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியில் ஓட்டோ பிடித்துக் கூட்டிப்போவேன். ஒரு நாளும் அழுததில்லை. பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் இரண்டு கையும் ஒன்றாகச் சுவரைத் தொடாவிட்டால் தகுதி நீக்கம் என்று சொல்லிக் கொடுத்த நாளிலிருந்து வீட்டுச் சுவரிலெல்லாம் இரண்டு கையாலும் தொட்டுப் பழகினான். சாம்பியன்ஷிப் நெருங்கியபோது பட்டியலில் அவன் பெயர் இல்லை. யாரும் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கழகத் தொப்பி கொடுத்தபோது வரிசையில் போய் நின்றிருக்கிறான், "உனக்கு இல்லை" என்று அங்கே வைத்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவன் நீந்தவில்லை. இப்போது கல்கிசைக் கடற்கரைக்குப் போனாலும் முழங்காலுக்கு மேல் இறங்கமாட்டான். 2004இல் கடல் என்ன செய்தது என்று பார்த்த நாடு இது. நாலு பக்கமும் கடலை வைத்துக்கொண்டு, நீந்த ஆசையாக வந்த பிள்ளையைத் தடாகத்திலிருந்து வெளியே அனுப்புகிறோம். எதற்கு? ஒரு கேடயத்துக்கு. அலுமாரியில் வைக்கும் கேடயத்துக்கு!

வல்வெட்டித்துறையில் பிறந்த ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக்குநீரிணையை நீந்திக் கடந்து, அங்கிருந்து நீந்தியே திரும்பி வந்தவர். அந்த மூச்சும் பிடிவாதமும் ஒரு 50 மீற்றர் டைம் ட்ரையலில் தெரிந்திருக்குமா? நம் பிள்ளைகளில் யாருக்கு நீளத் தூரம் வரும் என்று யாருக்குத் தெரியும்? அந்த டைம் ட்ரையலில் 50 மீற்றருக்கு மேல் யாரையும் விட்டுப் பார்க்கவேயில்லையே.

பயிற்றுநர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். காலையும் மாலையும் குளோரின் நீரோடு நிற்கிறார்கள், மதிக்கிறேன். அதற்காக இதைக் கேட்காமல் விட முடியாது. பட்டியல் போடுகிறவரிடமே தனி வகுப்புக்குப் போகும் பிள்ளைகளும், பட்டியலில் வந்த பிள்ளைகளும் ஒரே பிள்ளைகளாக இருந்தால் மற்றப் பெற்றோர் என்ன நினைப்பார்கள்? என் மகளும் போகிறாள், அதனால்தான் துணிந்து கேட்கிறேன். தெரிவை இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்யட்டும். வரவு எவ்வளவு, எந்த நேரங்களை எடுத்தோம் என்பதைப் பட்டியலோடு சேர்த்துப் போடட்டும். மாதக் கட்டணம் எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றுதான். ஏஜன்சி வேலையை விட்டுவிட்டு மகனைக் கூட்டிவரும், இன்று காலை என்னிடம் கேட்ட அந்தத் தாயும் அதே கட்டணத்தைத்தான் கட்டுகிறார்.

புள்ளி வேண்டும் என்றால் ரிலேயில் எடுங்கள். வேகமான நால்வரைப் போட்டு, மாறும் இடத்தை ஒழுங்காகப் பழக்குங்கள். முன்னால் வருபவர் சுவரைத் தொட முன்னரே அடுத்தவரின் கால் மேடையை விட்டு எழும்பினால் அணி முழுவதும் வெளியே. போன முறை நமக்குப் புள்ளி போனது அங்கேதான். முதல் ஹீட்டில் நீந்திய ஒரு சின்னப் பிள்ளையால் அது போகவில்லை.

எண்ட்ரி அனுப்ப வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது, பெயர்களை மாற்றலாம். மகளிடம் கேட்டேன். பேக்ஸ்ட்ரோக்கையும் ப்ரெஸ்ட்ஸ்ட்ரோக்கையும் விட்டுத் தருகிறேன், மற்றவை போதும் என்றாள். அந்த இரண்டு இடங்களையும் வெளியே நிற்கும் இரண்டு பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லி இன்று மதியம் செயலாளருக்கு எழுத்தில் அனுப்பியிருக்கிறேன். மற்ற இரண்டு வீட்டாரும் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். நீங்களும் அனுப்புங்கள்.