காலியா வந்தா எர்ரர் இல்லையாம்!

ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலில் ஆர்டரும் இருக்கு, கஸ்டமரும் இருக்கு. அதை இன்வாய்ஸா மாத்துறது எக்ஸ்எஸ்எல்டி, அதாவது எக்ஸ்எம்எல்லை வேற வடிவத்துக்கு மாத்தும் மொழி. ஒவ்வொரு ஆர்டர் பக்கத்திலும் கஸ்டமர் பேர் வரணும், அவ்வளவுதான் வேலை. அதுக்கு //கஸ்டமர்[@ஐடி = கரன்ட்()/@கஸ்ட்ஐடி] (ஃபைல் முழுக்கத் தேடி, இந்த ஆர்டரின் கஸ்ட்ஐடியோடு ஐடி பொருந்தும் கஸ்டமரை எடு) என்று எழுதிட்டு, "எக்ஸ்எஸ்எல்டி ரொம்ப ஸ்லோ" என்று ஊரெல்லாம் புலம்பினால் என்ன நியாயம்? 10,000 ஆர்டர், 5,000 கஸ்டமர் என்றால் 5 கோடி ஒப்பீடு. போதாததுக்கு, அந்த டபுள் ஸ்லாஷ் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஐட்டம், விலை, முகவரி என்று மரம் முழுக்க மறுபடி மறுபடி ஏறி இறங்கும்.

1999-இல் வந்த எக்ஸ்எஸ்எல்டி 1.0-லேயே இதுக்கு வழி இருக்கு சாமி! எக்ஸ்எஸ்எல்:கீ. டெம்ப்ளேட்டுக்கு (ஒரு பகுதியை எப்படி மாத்தணும்னு சொல்ற விதி) வெளியே, ஸ்டைல்ஷீட்டின் (எக்ஸ்எஸ்எல்டி எழுதி வைக்கிற ஃபைல்) மேல்மட்டத்தில் ஒரே வரி: நேம் 'கஸ்ட்', மேட்ச் கஸ்டமர், யூஸ் @ஐடி. அப்புறம் ஆர்டர் டெம்ப்ளேட்டுக்குள் கீ('கஸ்ட்', @கஸ்ட்ஐடி)/பேர். இன்டெக்ஸ் ஒரு தடவை உருவாகும், பிறகு தேடலே கிடையாது, நேரா எடுக்கிறதுதான்.

வேகம்கூடப் பரவாயில்லை. வயிறு எரிவது வேற இடத்தில். கரன்ட்() போடாமல் [@ஐடி = @கஸ்ட்ஐடி] என்று எழுதிப் பாருங்க. சதுர அடைப்புக்குள் போனதும் இரண்டுமே கஸ்டமரின் அட்ரிபியூட்டாகத்தான் (@ போட்டுக் குறிக்கிற, டேக்குக்குள் இருக்கும் மதிப்பு) பார்க்கப்படும். கஸ்டமரிடம் கஸ்ட்ஐடி ஏது? பதில் காலி. எர்ரர் இல்லை, வார்னிங் இல்லை, பேர் வரவேண்டிய இடமே வெள்ளையா நிக்கும். இன்வாய்ஸ் கஸ்டமர் கைக்குப் போனபிறகுதான் யாராவது கேட்பாங்க.

கஸ்டமர் லிஸ்ட் தனி ஃபைலில் இருந்தால் கூத்து இன்னும் பெரிசு. டாக்குமென்ட்() போட்டு ஃபைலைத் திறந்தால் மட்டும் போதாது, 1.0-இல் கீ() எந்த ஃபைலில் நிற்கிறதோ அதிலேதான் தேடும். அதனால் முதலில் கஸ்ட்ஐடியை ஒரு வேரியபிளில் பிடிச்சு வைக்கணும், அப்புறம் வெளி ஃபைலுக்கு ஒரு ஃபார்-ஈச் போட்டு உள்ளே நுழையணும், அங்கேதான் கீ() கூப்பிடணும். சுற்றவே சுற்றாத ஒரு லூப்! வேரியபிளை மறந்தீங்களோ, மறுபடி காலி. 2.0-இல் கீ()-க்கு மூன்றாவது ஆர்கியூமென்டாக அந்த டாக்குமென்டைக் கொடுத்தால் முடிஞ்சது. ஆனால் எக்ஸ்எஸ்எல்டியை ஓட்டும் டூலான எக்ஸ்எஸ்எல்டிபிராக் இன்னும் 1.0-லேயேதான் இருக்கு, 2.0 வேணும்னா சாக்ஸன் மாதிரி ஏதாவது பிடிக்கணும்.

டேட்டா பண்ற அழும்பு தனி. ஒரு பக்கம் "007", மறுபக்கம் "7". சேராது, கீ எழுத்து எழுத்தாகத்தான் பார்க்கும். ஐடிக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் ஒட்டியிருந்தாலும் சேராது; வேண்டாத ஸ்பேஸை நீக்கும் நார்மலைஸ்-ஸ்பேஸ்() யூஸிலும் போடணும், கூப்பிடும் இடத்திலும் போடணும், ஒரு பக்கம் மட்டும் போட்டுப் பிரயோஜனமில்லை. கிளை எண்ணும் பில் எண்ணும் சேர்ந்த கீயா? கான்கேட்() போட்டு இரண்டையும் ஒட்டும்போது நடுவில் '|' வைங்க. இல்லாட்டி 1, 23 என்பதும் 12, 3 என்பதும் ஒரே 123 ஆகி, யார் பில்லோ யார் தலையிலோ விழும். ரூட்டில் டிஃபால்ட் நேம்ஸ்பேஸ் (டேக்குகள் எந்தக் குடும்பம்னு சொல்லும் xmlns) இருந்து, ஸ்டைல்ஷீட்டில் அதுக்கான ப்ரீஃபிக்ஸ் இல்லையென்றால் மேட்ச் ஒன்றுகூடப் பிடிக்காது. அதுவும் சத்தமில்லாமத்தான்.

ஒரே ஐடியில் இரண்டு கஸ்டமர் இருந்தாலோ, 1.0-இன் வேல்யூ-ஆஃப் முதல் ஆளை மட்டும் அச்சடிச்சுட்டு அடுத்தவரை விழுங்கிடும். 2.0 இரண்டு பேரையும் ஸ்பேஸ் விட்டு ஒட்டி வைக்கும். எந்த வெர்ஷன் ஓடுதோ அதுக்கேத்த தப்பு!

கத்தாத மொழியை நாமதான் கத்த வைக்கணும். கீ() முடிவை ஒரு வேரியபிளில் வாங்கி, கவுன்ட்() 1 இல்லையென்றால் எக்ஸ்எஸ்எல்:மெசேஜ், டெர்மினேட் "யெஸ்" (ஓட்டத்தையே நிறுத்திடும்), கூடவே அந்த கஸ்ட்ஐடி. மூணே வரி. இதைப் போடாமல் இரண்டு பட்டியலைச் சேர்க்கும் ஜாயினை ரிவ்யூவில் பாஸ் பண்றவங்களை என்னன்னு சொல்றது!