பி0171 வந்தால் உடனே சென்சாரை மாற்ற வேண்டாம்

அண்ணே, ‘காடியை ஸ்கேன் செய்து பி0171 என்ற கோளாறுக் கோடு காட்டினால் ஆக்சிஜன் சென்சார் (புகையில் ஆக்சிஜனை அளப்பது) போச்சு, மாற்றிவிடு’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பதுதான் அந்தக் கோடின் பொருள். பெரும்பாலும் அதைச் சரியாகச் சொல்வதே அந்த சென்சார்தான். நம் சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட் செம்மண் ரோட்டில் ஓடிய பழைய காடி என்றால், முதலில் வேக்குவம் ரப்பர் குழாய்களில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஸ்கேனரில் ஃபியூல் டிரிம் பாருங்கள், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற எண். காடி நின்றபடி எஞ்சின் சும்மா ஓடும்போது அது 20 சதவீதத்துக்கு மேல் இருந்து, 2500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2500 சுற்று) நன்றாக இறங்கினால் அநேகமாகக் காற்றுக் கசிவு. வேகம் கூடக் கூட ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், இல்லையென்றால் உள்ளே வரும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சார் அழுக்கடைந்திருக்கலாம். தோட்டச் சம்பளக்காரருக்கு ஒரு சென்சார் விலை சின்னக் காசு இல்லை. பேட்டரி வயரைக் கழற்றும் முன் ஸ்கேனர் காட்டும் கோடையும் எண்களையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள், பல காடிகளில் அவை அழிந்துவிடும்.