ரேஷன் வரிசையில நின்னவர் கதையை எங்ககிட்டயே மாத்திச் சொல்றீங்களா?

எங்க ஊர்ப் பண்டிகையில ஒரு பேச்சாளர் பேசின வீடியோவை இன்னைக்கும் நாலு பேர் அனுப்பிட்டாங்க. போதும் சாமி. அவர் பேசினப்ப பந்தல்ல நானும்தான் உட்கார்ந்திருந்தேன். வாட்ஸப்பைத் தொடங்கின ஜான் கோம் யார்கிட்டயும் கையேந்தலையாம், காலேஜையே தூக்கிப்போட்டாராம், நாமதான் ரேஷன் கடையில நிக்கற சோம்பேறிங்களாம். விசில் வேற.

ஐயா, கோம் நின்னதே அந்த வரிசையிலதான். 1992ல, 16 வயசுல, உக்ரைன்ல இருந்து அம்மா, பாட்டியோட கலிபோர்னியாவுக்கு வந்தவர். அரசாங்க உணவுக் கூப்பன்லதான் அடுப்பெரிஞ்சது. அம்மா பிள்ளை பாத்துக்கற வேலைக்குப் போனாங்க, இவர் மளிகைக் கடையில தரை கூட்டினார். அம்மாவுக்குப் புற்றுநோய் வந்தப்ப, அவங்களுக்கு வந்த உதவித்தொகையிலதான் குடும்பம் ஓடுச்சு. 2014ல ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாட்ஸப்பை வாங்கினப்ப கையெழுத்து போட எங்க போனார் தெரியுமா? கூப்பனுக்காக நின்ன அந்தப் பழைய நலத்துறை ஆபீஸ் வாசலுக்கு. அவரே மறைக்காததை நீங்க ஏன் மறைக்கறீங்க?

அவர் காலேஜை விட்டதுகூட யாகூ கம்பெனியில வேலை கிடைச்ச பிறகுதான். அதைச் சொல்றப்ப மட்டும் மைக் வேலை செய்யல போல.

எங்களுக்குப் பென்னாகரம் பக்கம் மானாவாரிக் காடு. அப்பா பெங்களூருல சென்ட்ரிங் வேலை. மழை பொய்ச்ச வருஷம் ரேஷன் அரிசியும் சத்துணவும் இல்லேன்னா நான் பத்தாவது தாண்டியிருக்க மாட்டேன். அம்மா இன்னைக்கும் கார்டுக்குத் தர்ற ராகியை வாங்கிட்டு வந்துதான் களி கிண்டறாங்க. அன்னைக்குப் பந்தல்ல என் பக்கத்துலதான் இருந்தாங்க. விசில் சத்தம் கேட்டதும் முந்தானையை இழுத்து மூடிக்கிட்டு எழுந்து போயிட்டாங்க.

"அப்ப காலம் பூரா ரேஷனை நம்பியே கிடக்கணுமா"ன்னு கேப்பீங்க. யாருய்யா சொன்னா? கோம் உழைக்கலைன்னா சொன்னேன்? பழைய புத்தகக் கடையில வாங்கி, படிச்சுட்டுத் திருப்பிக் கொடுத்தே கம்ப்யூட்டர் நெட்வொர்க்கிங் கத்துக்கிட்ட ஆளு. வயித்துல ஏதாவது விழுந்தாத்தான் அந்தப் புத்தகம் மண்டையில ஏறும். கூப்பன் இல்லாம கோம் இல்ல, அவ்வளவுதான். என்னைக் கட்சிக்காரன்னு சொல்றவங்களுக்குப் பதில் கிடையாது, போங்க.

இன்னொண்ணு. கோமோட கூட்டாளி பிரையன் ஆக்டன் 2017ல ஃபேஸ்புக்கை விட்டு வெளியேறினப்ப, தனக்கு வரவேண்டிய சுமார் 85 கோடி டாலர் பங்கை வேணாம்னு விட்டுட்டுப் போனவர். நம்ம பேச்சாளர் மேடையை விட்டு இறங்கினதும் கவரைப் பிரிச்சு அங்கேயே எண்ணினார். டீசலுக்குத் தனியாக் கேட்டார், அதையும் கொடுத்தாங்க. பேசினதுக்குக் காசு வாங்கறது தப்பில்லீங்க. ஆனா அது பண்டிகை வரி. வீட்டுக்கு வீடு வந்து வசூல் பண்ணினாங்க, எங்கம்மாவும் சுருக்குப் பையில இருந்து எடுத்துக் கொடுத்தாங்க.