பேக்பைப் கலைஞர் பாட்டை மறக்கவில்லை, சுருதி சேர்க்கிறார்

“ஸ்காட்லாந்து பேக்பைப் தனிப் போட்டி. வாசிக்க வேண்டியதை மறந்துவிட்டு மேடையில் அங்கும் இங்கும் நடக்கிறார், இவருக்குப் பரிசு வேறு!” என்று ஒரு சின்ன வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறான தகவல். பேக்பைப் என்பது காற்றுப்பையோடு பல குழல்கள் சேர்ந்த ஊதுகருவி. அந்த வீடியோவில் இருப்பது போட்டி வாசிப்பே அல்ல. அதற்கு முன்னால் மேடையிலேயே நடக்கும் சுருதி சேர்ப்பு.

கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இடது கை விரல்கள் துண்டு துண்டாக ஏதோ வாசிக்க, வலது கை எட்டிப்போய் தோளில் சாய்ந்திருக்கும் ட்ரோன் குழலின் (விடாமல் ஒரே சுருதியை ஒலிக்கும் குழல்) இணைப்பை மயிரிழை நகர்த்துகிறது. சுருதி விலகியிருந்தால் ஒலி அலையலையாக நடுங்கும். மூன்று ட்ரோன்களும் சேர்ந்ததும் அந்த நடுக்கம் அடங்கிவிடும். ரசிகர்கள் பாதி மதிப்பெண்ணை மனசுக்குள் போட்டுவிடுவது இந்த இடத்தில்தான்!

அப்புறம், நடப்பதும் குற்றமில்லை. பீப்ராக் என்னும் நீண்ட செவ்வியல் உருப்படியை மெதுவாக நடந்தபடியே வாசிப்பார்கள். பத்து நிமிடத்துக்கு மேலும் போகும், எல்லாம் மனப்பாடம். இசைக்குறிப்புத் தாள் நடுவர் மேசையில்தான் இருக்கும். நடுவில் உண்மையிலேயே மறந்தால் பரிசு கிடைப்பது கஷ்டம்.

சந்தேகமா? பிளேர் கோட்டையில் நடக்கும் கிளென்ஃபிடிக் போட்டி, இன்வர்னெஸ் நகரின் நார்தர்ன் மீட்டிங் போன்றவற்றில் ஒரு வாசிப்பையாவது முதலிலிருந்து கேளுங்கள், வித்தியாசம் காதிலேயே தெரியும். அந்த வீடியோவை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். அனுப்பியவரிடமும் சொல்லிவிடுங்கள்.